பொருள்: சவுண்ட்ஸ்டேஜ் – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ஏற்காட்டான் (செவ்வாய் இரவு)

அன்பர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) இசைத்தட்டு கேட்கும் மாலை. வருகிறவர்களில் பாதிப் பேர் காப்பித் தோட்டக்காரர்கள், மீதி சேலத்துக் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கான சிறு கையேட்டை வெள்ளி மாலைக்குள் செவ்வாய்பேட்டை அச்சகத்தில் சேர்த்தாக வேண்டும். எல்லாம் தமிழாகிவிட்டது. ஒரு சொல் மட்டும் முரண்டு பிடிக்கிறது.

இரண்டு ஸ்பீக்கர்களும் நம் நாற்காலியும் சமபக்க முக்கோணமாக அமைந்தால், நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில், பாடகி நிற்பது காதுக்குத் தெரிகிறது. அவளுக்குப் பின்னால் வாத்தியக் குழு. இடப்பக்கம் ஒருவன் பாடிக்கொண்டே நுழைகிறான். இந்த இல்லாத மேடையைத்தான் சவுண்ட்ஸ்டேஜ் என்கிறார்கள். கையேட்டில் வரும் வாக்கியத்தைத் தருகிறேன், கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: ‘ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் மாறிவிட்டால் ____ குலைந்துவிடும், நடுவில் நின்ற பாடகி எங்கே போனாள் என்றே தெரியாது, கீழ்ச்சுரங்களும் மெலிந்துவிடும்.’

ஆத்தூர் ஆசிரியை

ஒலிமேடை. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

அரிசிப்பாளையம்

அக்கா, ஒலிமேடை என்றால் கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் குழுவுக்குப் போடுவது. ‘ஒலிமேடை குலைந்துவிடும்’ என்று படித்தால் சவுக்குக் கம்பு முறிந்து பாடகர் விழுந்தார் என்றுதான் எங்கள் தெருவில் நினைப்பார்கள். ஒலிப்பரப்பு என்று வைக்கலாமே?

ஓமலூர்ப் புலவர்

தம்பி, ஒலிபரப்பு இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. நீங்கள் சொல்லும் ஒலிப்பரப்பு ஆறாம் வேற்றுமைத் தொகை, மிகும். இலக்கணம் சரி. ஆனால் அச்சகத்தில் அந்த ஒற்றைப் ‘ப்’பை விழுங்கிவிட்டால் ஏற்காட்டுக் கூடம் வானொலி நிலையமாகிவிடும்.

அரங்கு என்ற சொல் இருக்க மேடையும் பரப்பும் எதற்கு? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ‘எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து’ என்று அளவே இருக்கிறது. அகலத்தைவிட நீளம் ஒரு கோல் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். ஒலி என்பதற்குத் தழைத்தல் என்றும் பொருள் உண்டு. ‘ஒலிமென் கூந்தல்’ என்று சங்கப் பாட்டில் வருவது ஓசையிடும் கூந்தல் அன்று, தழைத்த கூந்தல். ஸ்டீரியோ என்ற கிரேக்க வேருக்குத் திண்மை என்று பொருள். தழைப்பும் திண்மையும் எங்கோ ஓரிடத்தில் சந்திக்கின்றன என்று கருதுகிறேன். ஆயினும் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதால் என் பரிந்துரை: கானலரங்கு.

அரிசிப்பாளையம்

ஐயா, தழைத்த கூந்தலிலிருந்து கானல் நீருக்கு எப்படி வந்தோம்?

ஆத்தூர் ஆசிரியை

கானலரங்கு அழகுதான். ஆனால் அதே சிலம்பின் கானல்வரியில் கானல் என்பது கடற்கரைச் சோலை. ஏற்காட்டு மலையில் கடற்கரை அரங்கா? அதோடு ‘கானலரங்கு குலைந்துவிடும்’ என்றால், குலைவதற்கு அங்கே என்ன இருந்தது என்று என் மாணவர்கள் கேட்பார்கள்.

ஏற்காட்டான் (புதன்)

இருந்ததே, அதுதான் செய்தி. சனிக்கிழமை முதலில் ஓடப்போவது வாக்னரின் ‘ரைன்கோல்ட்’ ஆபரா, வாத்தியக் குழுவை ஷோல்டி நடத்தியது. 1958-இல் வியன்னாவின் சோஃபியன்சால் மண்டபத்தில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. தயாரிப்பாளர் ஜான் கல்ஷா தரையில் எண்ணிட்ட கட்டங்கள் வரைந்து, எந்த வரியை எந்தக் கட்டத்தில் நின்று பாட வேண்டும், எப்போது எந்தக் கட்டத்துக்கு நகர வேண்டும் என்று பாடகர்களுக்குக் குறித்துக் கொடுத்தார். அந்த நகர்வு என் கூடத்தில் அப்படியே கேட்கிறது. நாற்காலியை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளினால் பாடகி இடது ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொள்கிறாள். இவ்வளவு திட்டமிட்டுக் கட்டியதைக் கானல் என்பது எனக்கு ஒப்பவில்லை, ஐயா.

கதையில் குள்ளக் கொல்லர்களின் பாதாள உலகமான நிபெல்ஹைமுக்கு இறங்கும் இடத்தில் வாக்னர் 18 பட்டறைகள் கேட்டிருக்கிறார். கல்ஷா அத்தனையையும் தருவித்து அடிக்க வைத்தார்.

ஓமலூர்ப் புலவர்

பட்டறை அன்று, பட்டடை. பட்டறை என்பது கொல்லன் வேலை செய்யும் கொட்டகை. பட்டடை அவன் இரும்பை வைத்து அடிப்பது. கஞ்சமலை இரும்பும் உருக்காலையும் உள்ள ஊரில் 18 கொட்டகைகளை ஆபராவுக்குள் தூக்கிப் போகலாமா?

அரிசிப்பாளையம்

எங்கள் தாத்தா அதை அடைகல் என்பார். விட்டால் இது வேறு இழை ஆகிவிடும்.

(ஆகிவிட்டது. பட்டடை, அடைகல், உலைக்கல் பற்றி வந்த மடல்களைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

ஆத்தூர் ஆசிரியை (வியாழன்)

ஒரு சோதனை. 1953-இல் மிலானின் லா ஸ்காலா ஆபரா அரங்கில் டி சபாட்டா வாத்தியக் குழுவை நடத்த, காலஸ் என்ற பாடகி பாடிய ‘டோஸ்கா’ ஆபராவின் மோனோ (ஒரே தட ஒலி) பதிவு. அதை ஒரே ஸ்பீக்கரில் கேட்டாலும், முதல் அங்க முடிவில் வில்லன் ஸ்கார்பியா முன்னே நிற்பதும், தேவாலயக் கூட்டமும் மணியும் பின்னே இருப்பதும் தெரியும். இடம் வலம் கிடையாது, ஆழம் உண்டு. ஆகவே பரப்பு விழுந்தது. மேடையும் முக்கால்வாசி விழுந்தது. அரங்குக்கு முன்னும் பின்னும் உண்டு. புலவர் ஐயா சொன்ன அந்தக் கூடுதல் ஒரு கோல்தான் இது. ஒலியரங்கு.

அரிசிப்பாளையம்

ஒலியரங்கு என்றால் என்னவென்று இரண்டு மாணவர்களைக் கேட்டேன். ‘குளிர்சாதன வசதியுள்ள ஹால்’ என்றான் ஒருவன். ‘பாட்டுப் பதிவு செய்யும் இடம்’ என்றான் மற்றவன். சவுண்ட்ஸ்டேஜ் என்றே எழுதுங்கள். ஸ்பீக்கரை ஒலிபெருக்கி ஆக்காமல்தானே கையேடு முழுக்க எழுதியிருக்கிறீர்கள்? 1931-இல் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த பொறியாளர் புளூம்லைனே ஸ்டீரியோ என்று எழுதவில்லை, ‘இரு செவி’ என்றுதான் எழுதினார். ஊர் வேறு சொல்லை எடுத்துக்கொண்டது. ஊர் எடுப்பதை நாம் தடுக்க முடியாது.

ஏற்காட்டான் (வெள்ளி, மதியம்)

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். முதல் பக்கத்தில் ‘சவுண்ட்ஸ்டேஜ் எனப்படும் ஒலியரங்கு’, பிறகு எல்லா இடத்திலும் ஒலியரங்கு. நால்வர் ஆதரவு, அதில் ஒருவர் ‘ஏதாவது போடுங்கள்’ என்று எழுதியவர். பட்டடையைத் திருத்திவிட்டேன்.

அரிசிப்பாளையம்

நாளை கம்பி மாட்டப்போகிறவன் நான். சவுண்ட்ஸ்டேஜ் என்றுதான் சொல்வேன்.

ஓமலூர்ப் புலவர்

ஒலியரங்குக்கு எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளவும். கானலுக்கான சான்றுகளைத் தனி மடலில், சற்று விரிவாக, அனுப்புகிறேன். நாளை இரவு ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?