ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) பிளேன் கத்துக்கணும், ஸ்பிட்ஃபயர்லயே ஆரம்பிக்கலாமா?

கேள்வி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஆர்சி பிளேன் மேல ஒரு கண்ணு, வீடியோ பாத்துப் பாத்து இப்ப வாங்கியே தீரணும்னு ஆயிடுச்சு. ரெண்டாம் உலகப்போர் சண்டை விமானம் ஸ்பிட்ஃபயரோட மாடல் ஒண்ணு மனசுலயே நிக்குது. ட்ரோன் கொஞ்சம் ஓட்டிருக்கேன், அதனால சமாளிச்சுடலாம்தானே?

பதில் 1:
ட்ரோன் அனுபவத்த ஓரமா வைங்க ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க. ஜிபிஎஸ் ட்ரோன்ல ஸ்டிக்க விட்டா அது பாட்டுக்கு அந்தரத்துல நிக்கும், பிளேன் நிக்காது, ஓடிக்கிட்டே இருந்தாதான் இறக்கைல லிஃப்ட் (மேல தூக்கற விசை) வரும், ரொம்ப மெதுவாப் போயி மூக்க வேற தூக்கினீங்கன்னா ஸ்டால் ஆகி, அதாவது லிஃப்ட் போயி, ஒரு பக்கமா சாஞ்சு விழும். ஸ்பிட்ஃபயர் லோ விங், அதாவது இறக்கை கீழ இருக்கும், சாஞ்சா தானா நிமிராது, நீங்கதான் நிமித்தணும். ஹை விங் ட்ரெய்னர் (பழகறதுக்கான பிளேன்) வாங்குங்க. இறக்கை உடம்புக்கு மேல, ரெண்டு நுனியும் லேசா தூக்கினாப்ல இருக்கும், கைய எடுத்தா கொஞ்சம் கொஞ்சமா நேராயிடும். ஃபோம் பாடி போதும். மோட்டார் பின்னாடி இருக்கற புஷர் டைப் கெடச்சா இன்னும் நல்லது, எப்படியும் மூக்குதான மொதல்ல மண்ணுல குத்தப்போகுது.

பதில் 2:
பிளேனுக்கு முன்னாடி ரேடியோவ (கைல புடிக்கற ரிமோட்) மட்டும் வாங்குங்க, கம்ப்யூட்டர்ல சொருகி சிமுலேட்டர்ல ஓட்டுங்க. பிளேன் உங்கள விட்டு தூரமா போறவரைக்கும் எல்லாருமே பைலட்தான், திரும்பி உங்க மூஞ்சிய பாத்து வரும்போதுதான் லெஃப்ட் ரைட் மாறி கை குழம்பும். என் மொத பிளேன் போனதே அப்படித்தான், வலப்பக்கம் சாயுதேன்னு பதறிப்போயி இடப்பக்கம் தள்ளினேன், அது இன்னும் சாஞ்சு தலைகீழா தரைக்குள்ள போயிடுச்சு, ஒரு நிமிஷம் கூட பறக்கல 😭 அப்புறம் கிளப்ல ஒரு பெரியவர் சொன்னாரு, உன்னப் பாத்து வர்றப்ப எந்தப் பக்க இறக்கை தாழுதோ அந்தப் பக்கமே ஸ்டிக்க தள்ளு, சாயிற பந்தலுக்கு முட்டுக் குடுக்கறாப்லன்னு. அன்னைலேர்ந்து குழப்பமே இல்ல.

கேட்டவர்:
சூப்பர்ங்க, ஸ்பிட்ஃபயர் கனவு அவுட் 😅 3 சேனலா 4 சேனலா? ஜைரோ (பிளேன தானா சமப்படுத்துற கருவி) இருந்தா ஏமாத்து வேலையா? லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரின்னா பயமா வேற இருக்கு.

பதில் 3:
4 சேனல், அதாவது தனித்தனியா நாலு கண்ட்ரோல். த்ராட்டில் (மோட்டார் வேகம்), எய்லரான் (பக்கவாட்டுல சாய்க்கற இறக்கைத் தகடு), எலிவேட்டர் (மூக்க ஏத்தி எறக்க), ரட்டர் (மூக்க இடம் வலம் திருப்ப) நாலும் இருந்தா பின்னாடி எந்த பிளேனுக்கும் கை பழகிடும். ஜைரோ தாராளமா வச்சுக்கோங்க, பழகப் பழக கொறைச்சுக்கலாம்.

லிப்போவுக்கு பயம் வேணாம், மரியாதை போதும். ஒரு செல் ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்கு கீழ எறங்கினா கெட்டுப்போச்சு, அதனால டைமர் வச்சு சீக்கிரமே எறக்கிடுங்க. ரெண்டு மூணு நாள் பறக்கலன்னா செல்லுக்கு 3.8 வோல்ட் கிட்ட வச்சு எடுத்து வைங்க. சார்ஜ் போட்டுட்டு மட்டும் வெளிய போயிடாதீங்க.

எல்லாரும் மறக்கறது சிஜி, அதாவது பிளேனோட எடை மையம். மேனுவல்ல சொன்ன எடத்துல ரெண்டு விரல வச்சுத் தூக்கினா பிளேன் சமமா நிக்கணும், வால் கனத்துச்சுன்னா யாராலயும் புடிக்க முடியாது, பேட்டரிய முன்னாடி தள்ளிப் பாருங்க. அப்புறம் பறக்க விடுறதுக்கு முன்னாடி ஸ்டிக்க வலப்பக்கம் தள்ளி வலது எய்லரான் மேல போகுதான்னு பாருங்க, நானே ஒரு தடவ அத ரிவர்ஸ்ல விட்டுட்டு கைல இருந்து எறிஞ்சிருக்கேன். வீட்ல செட்டிங் பண்றப்ப ப்ரொப்பெல்லர கழட்டிடுங்க, வெரல் முக்கியம்.

கேட்டவர்:
ரேடியோ ஆர்டர் போட்டாச்சு. வர்ற வரைக்கும் கீபோர்டுலயே சிமுலேட்டர் ஓட்டிப் பாத்தேன், 17 தடவ விழுந்துட்டேன், அதுல 3 தடவ என் தலைமேலயே.