பச்சைக் கறிக்கு மாற்றியபோது உங்கள் நாய்க்கு என்ன ஆயிற்று?

ராணி அப்பா, திருச்சி

ஆறு வயது லாப்ரடார், பெயர் ராணி. பாக்கெட் தீனியிலிருந்து பச்சைக் கறிக்கு ஏன் மாறினேன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தோலில் அரிப்பு, காதில் நாற்றம், யாரோ அனுப்பிய வீடியோ. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். முதல் இரண்டு நாள் கால் பங்கு கோழி, முக்கால் பங்கு பழைய தீனி. மலம் கட்டியாகவே இருந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் கறிக்கடை பாய், "நாய்க்குத்தானே, வைத்துக்கொள்ளுங்கள்" என்று கால் கிலோ ஈரலைச் சும்மாவே பையில் போட்டார். சும்மா வந்ததை வீணாக்குவானேன் என்று மொத்தத்தையும் தட்டில் கொட்டினேன். அவள் தட்டைக் கூடம் முழுக்கத் தள்ளித் தள்ளி நக்கினாள்.

இரவு மூன்று மணி இருக்கும். கதவைச் சுரண்டும் சத்தம். வெளியே பூனை வந்திருக்கும் என்று நினைத்து, படுத்தபடியே "போய்ப் படு ராணி" என்று அதட்டினேன். நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி ஒரே ஒரு சுரண்டல், மெதுவாக. அதற்கும் அதட்டினேன்.

காலையில் கூடத்தில் நான்கு இடத்தில் தண்ணீராகப் போயிருந்தாள். மேலே ஜவ்வரிசிக் கஞ்சி போலச் சளி, அதில் நூல் நூலாகச் சிவப்பு. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைத் திணித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். மூன்று மாதக் குட்டியாக இருந்த காலத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்குள் அசிங்கம் செய்ததே இல்லை.

பெருங்குடல் அழற்சி என்றார் மருத்துவர். வேகவைத்த கோழியும் சோறுமாக இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அந்த இரண்டாவது சுரண்டல் மட்டும் எனக்குப் போகவில்லை.

பீகிள் வீடு, சேலம்

உங்களுடையதைப் படித்ததும் என் கைபேசியில் இருக்கும் ஒரு வீடியோவைத் திறந்து பார்த்தேன். அழிக்கவும் மனம் வரவில்லை, யாரிடமும் காட்டவும் முடியவில்லை.

எங்கள் பீகிள் பன்னிரண்டு கிலோ. மாற்ற ஆரம்பித்து ஐந்தாம் நாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆட்டுக்கறி எடுத்தோம். ஒதுக்கிய கொழுப்பையும் கோழித் தோலையும் அவனுக்குப் போட்டேன். பச்சைதானே, இயற்கைதானே என்று ஒரு நம்பிக்கை. அன்று மாலையே இரண்டு முறை வாந்தி. மறுநாள் காலையில் முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, மார்பைத் தரையோடு ஒட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றான். விளையாடக் கூப்பிடும்போது அப்படித்தான் நிற்பான். "பாருங்கள், துரை நமஸ்காரம் செய்கிறார்" என்று சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். வீடியோவில் என் சிரிப்புச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. வால் ஆடவே இல்லை என்பதை அப்போது நான் பார்க்கவில்லை.

அது வயிற்று வலியில் நாய் நிற்கிற நிலை. கணையம் வீங்கியிருந்தது. கொழுப்பு திடீரென்று ஏறினால் சில நாய்களுக்கு அப்படித்தான் ஆகும் என்றார்கள். மூன்று நாள் டிரிப்ஸ். முன்காலில் மழித்த இடத்தில் முடி வளரவே இரண்டு மாதம் ஆனது.

கரிசல்காட்டான், கோவில்பட்டி பக்கம்

ராணி அப்பா அண்ணாச்சி, ஈரல் மேல் பழியைப் போடாதீர்கள். கால் கிலோ கொட்டியது நீங்கள்.

எனக்கு நடந்தது நேர் எதிர். சிப்பிப்பாறை நாய், தோட்டத்தில் காவல். கோழிக் கழுத்து மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு வாரம் கழுத்து, மறுபடி கழுத்து. வேறு ஒன்றுமே இல்லை. பேதியே வரவில்லை, என் நாய்க்கு இரும்பு வயிறு என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காலையில் வேப்பமரத்தடியில் சுற்றிச் சுற்றி வந்து உட்கார்கிறான், எழுகிறான், மறுபடி உட்கார்கிறான். ஏழு தடவை எண்ணினேன். எட்டாவது தடவை கத்தினான். பன்றி குத்திக் கிழித்தபோதுகூட அப்படிக் கத்தியவன் இல்லை. விழுந்ததை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி போல விரலில் பொடிந்தது. எல்லாம் எலும்பு. மிச்சத்தை மாட்டாஸ்பத்திரியில் எனிமா கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

இப்போது எலும்பில்லாத கறியும் சேர்கிறது. வாரம் இரண்டு நாள் கம்மங்கூழ் ஊற்றுகிறேன். அதற்கு யாராவது சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

ஓநாய் வம்சம், சென்னை

வந்துவிட்டேன். கூழும் சோறும் நாய்க்கு எதற்கு? நாய் ஓநாயிலிருந்து வந்தது. காட்டில் அதற்கு யார் கம்பு இடித்துக் கொடுத்தார்கள்?

என் ராஜபாளையத்தை ஒரே நாளில் மாற்றினேன், பத்து நாள் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. நான்கு நாள் பேதி. மருந்து கொடுக்கவில்லை. அத்தனை வருடம் பாக்கெட் தீனியில் சேர்ந்த நச்சு வெளியேறியது, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மலம் விரல் போல உருண்டு வந்தது, நாற்றமே இல்லை. மேலே எழுதியவர்கள் எல்லோரும் பயந்துபோய் ஊசி, டிரிப்ஸ் என்று ஓடியிருக்கிறார்கள். சளி போவதும் நல்லதுதான், குடல் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. பொறுமை வேண்டும். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் பலருக்குப் பச்சைக் கறி என்றாலே ஒவ்வாமை. அவர்களிடம் போனால் முதலில் நம்மைத்தான் திட்டுவார்கள்.

நீலக் கிண்ணம், மதுரை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நச்சு வெளியேறுகிறது" என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

பத்து வாரக் குட்டி. முதல் தடுப்பூசி போட்டாயிற்று. இரண்டாவதற்குப் போக வேண்டிய வாரம் மழை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினோம். அதே வாரத்தில்தான் கோழிக்கறியும் கொடுக்கத் தொடங்கினேன். மறுநாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது. பிறகு வாந்தி, பிறகு பேதி. ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். நீங்கள் எழுதியதையே, கிட்டத்தட்ட அதே சொற்களில் சொன்னார்கள். மாறும் காலம், பொறுமை, நச்சு. ஒன்றரை நாள் பொறுத்தேன்.

மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் வாசலைத் தாண்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இன்னும் தொடவில்லை, துண்டை விலக்கவும் இல்லை. "எத்தனை ஊசி போட்டீர்கள்?" என்றார். அந்த வாடையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சோதனைப் பட்டையில் இரண்டு கோடு வந்தது. பார்வோ என்ற வைரஸ் நோய். கறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கறி கொடுத்ததால்தான் பேதி என்று நான் நினைத்ததற்கும், அந்த ஒன்றரை நாளுக்கும் சம்பந்தம் உண்டு. நான்காம் நாள் போய்விட்டது.

ஓநாய்க் கதைக்கு ஒன்று. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவின் நகல்கள் நாய்களிடம் ஓநாய்களைவிடப் பல மடங்கு இருக்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013லேயே எழுதிவிட்டார்கள். மனிதனோடு இருந்து இருந்து நம் சோற்றுக்குப் பழகிய வயிறு அது. கரிசல்காட்டான் அண்ணன் கூழ் ஊற்றட்டும்.

ஓநாய் வம்சம், சென்னை

குட்டிக்காக வருந்துகிறேன். நான் வளர்ந்த நாயைப் பற்றித்தான் சொன்னேன்.

தராசு, கோவை

என் கதை ஒரு வரி: இரண்டு நாய், ஒன்றுக்கு மூன்று நாள் பேதி, மற்றதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மேலே படித்ததில் யாரும் எடை போட்டதாகவே தெரியவில்லை. நான் மருத்துவன் இல்லை, சமையலறைத் தராசு வைத்திருக்கிறவன். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது பச்சைக் கறிக்காரர்களின் பொதுக் கணக்கு. அதில் தசைக்கறி 80, எலும்பு 10, உள்ளுறுப்பு 10. உள்ளுறுப்பிலும் பாதிதான் ஈரல். ராணி 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 600 முதல் 900 கிராம், அதில் ஈரல் 30 முதல் 45 கிராம். அதுவும் முழுவதும் பழகிய பிறகு. மூன்றாம் நாளில் கால் கிலோ என்றால் ஒரு வாரத்து ஈரல் ஒரே வேளையில்! மலம் தண்ணீரானால் ஈரலையும் கொழுப்பையும் குறையுங்கள், வெள்ளையாகப் பொடிந்தால் எலும்பைக் குறையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதுக் கறியைத் தொடங்காதீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது. வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை எலும்பும் அடைத்துக்கொள்ளும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கறிக்கடையில் ஆட்டு ஈரல், நுரையீரல் வாங்குகிறவர்கள் புரட்டிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த நீர்க்கட்டி இருந்தால் நாய்க்குப் போடாதீர்கள். அது ஒருவகை நாடாப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கும் பை. நாய்க்கு அதனால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் அதன் மலத்தில் வரும் முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலில் அதே கட்டி வரும். கண்ணுக்குத் தெரியாத கட்டியும் உண்டு, ஆகவே ஆட்டின் உள்ளுறுப்பை நான் வேகவைத்தே போடுகிறேன். பிராசிகுவான்டல் சேர்ந்த பூச்சி மருந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள். சால்மோனெல்லா உறைந்து கிடக்கும், இளகினால் எழுந்துவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே பச்சைக் கறி வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் முக்கியக் காரணம், வீட்டில் இருக்கும் மனிதர்களுக்காகவும்தான். கைக்குழந்தையோ புற்றுநோய் மருந்து எடுப்பவரோ வீட்டில் இருந்தால் நானே வேண்டாம் என்பேன். பேதியை நிறுத்த மனிதர் போடும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள், கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு அந்த வகை மருந்தான லோப்பரமைடு விஷம் போல. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம் போல நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு குழுவில் கேள்வி கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

சைவ வீட்டு மருமகள், கும்பகோணம்

தராசு அண்ணா, நானும் எடை போட்டவள்தான். பின்கட்டில் தனி ஃப்ரீசர், தனிக் கத்தி, மாமியார் அந்தப் பக்கமே வர மாட்டார். எங்கள் நாட்டு நாய்க்கு முதல் வாரம் பேதி, இரண்டாம் வாரம் மலம் அச்சில் வார்த்தது போல. அட்டவணை போட்டுத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

ஒரு மத்தியானம் தலைவலி என்று பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தேன். கிணற்றடியில் மாமியார் குந்தி உட்கார்ந்து, குழையப் பிசைந்த தயிர்சாதத்தை உருட்டி உருட்டிக் கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உருண்டைக்கும் வாயைத் திறந்து காத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள். "வயிறு கெட்டுக் கிடக்கிற ஜீவனுக்கு வேறு என்னத்தைக் கொடுப்பது?" என்றார். பத்து நாளாக நடந்திருக்கிறது.

அட்டவணையைத் தோழிகளிடம் இன்னும் திரும்பப் பெறவில்லை.

ராணி அப்பா, திருச்சி

தராசு சார், கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஈரலைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஒரு சுரண்டலைப் பற்றித்தான் எழுதினேன்.

ராணி இப்போது பாதி பாக்கெட் தீனி, பாதி வேகவைத்த கோழி. அரிப்பு கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும். நேற்று இரவு இரண்டு மணிக்குக் கதவைச் சுரண்டினாள். விழுந்தடித்து எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவுக்குக் கூட்டிப்போனேன். ஒன்றும் போகவில்லை. அரை மணி நேரம் எதிர் வீட்டு விளக்குக் கம்பத்தில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

புதியவன், தஞ்சாவூர்

எல்லாம் படித்தேன். நாளைக்குத்தான் தொடங்குவதாக இருந்தேன். ஒரு கேள்வி. கடைக்காரர் ஈரலைச் சும்மா பையில் போட்டால், மனம் நோகாமல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கரிசல்காட்டான், கோவில்பட்டி பக்கம்

வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. மிளகு போட்டு வறுத்து நீங்கள் சாப்பிடுங்கள்.