ரொசெட்டா, சிக்ஸ்ட்ராக் டாஸ்க் கிடைக்கவே மாட்டேங்குது: பாயிங்க்கில் எதை மாற்றணும்?

அஸ்தம்பட்டி_ஐ5:

வணக்கம். வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குத் தரும் பாயிங்க் மென்பொருளை இரண்டு மெஷினில் ஓட்டுறேன். சேலத்தில் ஒரு டெஸ்க்டாப்: 6 கோர் ஐ5, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. ஏற்காட்டில் இன்னொன்று: 4 கோர், 8 ஜிபி, உபுண்டு. அங்கே நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. இரண்டிலும் ரொசெட்டா, எல்ஹெச்சி (சிக்ஸ்ட்ராக் இதில் ஒரு ஆப்), ஐன்ஸ்டைன் என்று மூன்று ஆராய்ச்சி ப்ராஜெக்ட் சேர்த்திருக்கேன். ரிசோர்ஸ் ஷேர் (மெஷின் நேரத்தில் ஒவ்வொன்றுக்குமான பங்கு) மூன்றுக்கும் 100.

ஐன்ஸ்டைன் மட்டும் வந்து குவியுது. ரொசெட்டா ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'ரெடி டு செண்ட்' ஆயிரக்கணக்கில் காட்டுகிறபோதுகூட இங்கே ஒன்றும் வருவதில்லை. முன்கூட்டியே வாங்கி வைக்கும் டாஸ்க் இருப்பை, அதாவது கேஷை, 'ஸ்டோர் அட் லீஸ்ட்' 2 நாள், 'அடிஷனல்' 1 நாள் என்று வைத்திருக்கேன், நிறைய கேட்டால் நிறைய கிடைக்கும் என்ற கணக்கில். அப்டேட் பட்டனை நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டுகிற ஸ்கிரிப்ட் எழுதினால் பலன் உண்டா?

கொண்டலாம்பட்டி_பைபாஸ்:

ஸ்கிரிப்ட் அப்புறம் பார்க்கலாம். முதலில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஈ அழுத்தி ஈவென்ட் லாக்கைத் திறங்க. டாஸ்க் வரவில்லை என்பதற்குப் பின்னால் நாலைந்து வேறு வேறு காரணம் இருக்கு, அதைச் சொல்வது அந்த லாக் மட்டும்தான்.

'நாட் ரிக்வெஸ்டிங் டாஸ்க்ஸ்: டோன்ட் நீட், ஜாப் கேஷ் ஃபுல்' என்று இருந்தால் சர்வர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்க மெஷின் கேட்கவே இல்லை. 3 நாள் கேஷ் முழுக்க ஐன்ஸ்டைன் நிரம்பியிருக்கு. இந்த நிலையில் அப்டேட்டை ஆயிரம் தடவை அழுத்தினாலும் வெறும் தொடர்புதான் போகும், வேலை கேட்காது.

'நோ டாஸ்க்ஸ் செண்ட்' என்றால் கேட்டீங்க, அந்த நொடியில் இல்லை. ஸ்டேட்டஸ் பக்கம் ஆயிரக்கணக்கில் காட்டியும் ஏன் இல்லை? சர்வரில் ஃபீடர் என்று ஒரு ப்ரோகிராம், டேட்டாபேஸிலிருந்து டாஸ்க்கை எடுத்து ஒரு சின்ன மெமரி பகுதியில் வைக்கும். வழக்கமான அளவு 100 இடம். ஷெட்யூலர் அந்த 100-ஐ மட்டும்தான் பார்க்கும். உங்களுக்கு முன்னாடி வந்தவங்க அதைக் காலி பண்ணியிருந்தாலோ, மிச்சம் இருப்பது வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கானதாக இருந்தாலோ வெறுங்கைதான். போதாததுக்கு அந்த ஸ்டேட்டஸ் பக்கமே கொஞ்சம் பழைய கணக்கு.

'லாஸ்ட் ரிக்வெஸ்ட் டூ ரீசன்ட்' வந்தால் சர்வர் வைத்திருக்கிற குறைந்தபட்ச இடைவெளிக்குள் திரும்பக் கேட்டிருக்கீங்க. நிமிஷத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் போட்டால் கிடைக்கப்போவது இந்த வரிதான். அந்த மறுப்பும் ஒரு தொடர்பாகக் கணக்காகும் என்பதால் இடைவெளி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ரேம் போதவில்லை, விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) இல்லை என்பவை தனி வகை. லாக்கில் எது வருதுன்னு போடுங்க.

அஸ்தம்பட்டி_ஐ5:

சேலம் மெஷினில் ரொசெட்டாவுக்கு எல்லா வரியும் 'டோன்ட் நீட்' தான். ஏற்காட்டில் எல்ஹெச்சிக்கு 'விர்ச்சுவல்பாக்ஸ் இஸ் நாட் இன்ஸ்டால்ட்', ரொசெட்டாவுக்கு அவ்வப்போது ரேம் பற்றாது என்ற வரி.

மாம்பழ_சீசன்:

கேஷை 0.1 நாளுக்கு இறக்குங்க. அடிஷனல் 0. ஐன்ஸ்டைனுக்கு ரிசோர்ஸ் ஷேர் 0. முடிந்தது.

சூரமங்கலம்_லினக்ஸ்:

ஷேர் 0 சரி. 0.1 தான் இடிக்குது.

ஷேர் 0 வைத்த ப்ராஜெக்ட் ஒரு மாற்று ஆள் மாதிரி. எந்த கோராவது சும்மா இருந்தால் மட்டும் அதற்கு ஒரு டாஸ்க் எடுக்கும், கேஷை நிரப்பாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற அந்த டாஸ்க்கின் மிச்ச நேரமும் கேஷ் கணக்கில் சேரும். 0.1 நாள் என்பது 2 மணி 24 நிமிஷம். ஐன்ஸ்டைன் டாஸ்க் உங்க மெஷினில் 6 மணி நேரம் ஓடுதுன்னு வைங்க. முதல் மூன்றரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக, அந்த நேரம் முழுக்க 'கேஷ் ஃபுல்' என்றே கிளையன்ட் நினைக்கும், ரொசெட்டா பக்கம் திரும்பாது. அந்த நேரத்தில்தான் அங்கே புது பேட்ச் (டாஸ்க் தொகுதி) வந்து தீர்ந்துபோகும்.

அதனால் ஃபில்லர், அதாவது ஷேர் 0 வைத்த மாற்று ப்ராஜெக்ட், தரும் டாஸ்க்கின் நேரத்தைவிட 'ஸ்டோர் அட் லீஸ்ட்' பெரியதாக இருக்கணும். 0.5 வைங்க, அடிஷனல் 0.01. அப்போது கேஷ் எப்போதும் குறையாகவே தெரியும், கிளையன்ட் ரொசெட்டாவையும் எல்ஹெச்சியையும் விடாமல் கேட்கும். ஃபில்லரின் ஷேர் 0 என்பதால் குவியவும் குவியாது. ஷேர் 100 ஆகவே விட்டுவிட்டு 0.5 வைத்தால் பழையபடி ஐன்ஸ்டைன்தான் நிரம்பும், இரண்டையும் சேர்த்தே மாற்றணும். ஷேரை ஐன்ஸ்டைன் தளத்தில் உள்ள ப்ராஜெக்ட் ப்ரிஃபரன்ஸில் மாற்றி, மேனேஜரில் ஒருமுறை அப்டேட் கொடுத்தால்தான் மெஷினுக்கு வரும். இப்போது வரிசையில் நிற்கிற ஐன்ஸ்டைனுக்கு 'நோ நியூ டாஸ்க்ஸ்' போட்டு ஓடித் தீர விடுங்க. கொத்தாக அபார்ட் (ரத்து) பண்ணாதீங்க, சர்வர் உங்க மெஷினுக்குத் தரும் தினசரி டாஸ்க் கோட்டா அடிவாங்கும்.

ரொசெட்டா வந்தால் எவ்வளவு வரும்? 6 கோர் × 12 மணி = 72 மணி. டாஸ்க்கின் இயல்பான ஓட்டம் 8 மணி, ஆக 9 டாஸ்க். கெடு 3 நாள். பகலில் ஒரு ஷட்டவுன் வந்தாலும் தாராளமாக முடியும். 2+1 நாள் கேஷில் அதே டாஸ்க் கெடுவை ஒட்டி நிற்கும், ஒரு கரண்ட் கட் போதும்.

மாம்பழ_சீசன்:

ஃபில்லர் நேரத்தை விட்டுட்டேன், சூரமங்கலம் சொல்வதுதான் சரி. குட்டி டாஸ்க் தரும் ப்ராஜெக்டை ஃபில்லராக வைத்தால் 0.1-ம் ஓடும், ஆனால் 0.5-ல் கவலையே இல்லை.

கொண்டலாம்பட்டி_பைபாஸ்:

இப்போது ஸ்கிரிப்ட் விஷயம். கிளையன்ட் கேட்டு வேலை கிடைக்கவில்லை என்றால் தானே பின்வாங்கும்: சுமார் 10 நிமிஷத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் இடைவெளி இரட்டிப்பாகி ஒரு நாள் வரை போகும். ரொம்ப நாள் வறட்சியாக இருந்த ப்ராஜெக்டில் திடீரென்று பேட்ச் வந்தாலும் உங்க மெஷின் தூங்குவது இதனால்தான். அந்த ப்ராஜெக்டின் டாஸ்க் ஒன்று முடிந்தாலே இடைவெளி அழிந்துவிடும், அதனால் ஏற்கெனவே ஒன்று கையில் இருப்பவருக்கே அடுத்ததும் சீக்கிரம் விழும். அப்டேட்டும் அதை அழிக்கும்.

எனவே 30 நிமிஷத்துக்கு ஒரு அப்டேட் என்பது நியாயம், சர்வருக்கும் பாரமில்லை. விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரில் பாயிங்க்சிஎம்டி என்ற கமாண்ட் கருவியை ப்ராஜெக்ட் முகவரியோடு போடுங்க. உபுண்டுவில் க்ரானில் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் வசதி) போடும்போது பாயிங்க்கின் டேட்டா ஃபோல்டருக்குள் போய் ஓட்டணும், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் ஃபைல் கிடைக்காமல் ஆதரைசேஷன் பிழை வரும். அந்த ஃபைலைப் படிக்கும் அனுமதியும் அந்த யூசருக்கு இருக்கணும்.

போலி கோர் எண்ணிக்கை கொடுத்து மூட்டை கட்டுகிற வித்தையை யாராவது சொல்வாங்க. வேண்டாம். பத்து பேருக்குப் போக வேண்டியது ஒரே மெஷினில் கெடு தாண்டிக் கிடக்கும், ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் தாமதம்.

பேட்ச் தீர்ந்த பிறகும் வழி இருக்கு. கெடு தாண்டியவை, பிழையில் விழுந்தவை மறுபடி அனுப்பப்படும். ரொசெட்டாவில் பேட்ச் வந்த மூன்றாம் நாளையொட்டி இது சொட்டுச் சொட்டாக வரும். இப்படி மறு அனுப்பலை, சீக்கிரம் திருப்பித் தருகிற, பிழை குறைவான மெஷின்களுக்கு முதலில் கொடுக்கிற வசதி சர்வரில் இருக்கு. அதை இயக்கியிருக்கிற ப்ராஜெக்டில் சின்ன கேஷ்காரருக்குத்தான் யோகம்.

சூரமங்கலம்_லினக்ஸ்:

ஏற்காடு மெஷினுக்கு: விர்ச்சுவல்பாக்ஸ் போடாதீங்க. எல்ஹெச்சியில் அதைக் கேட்கும் ஆப்களில் அட்லாஸ் ஒரு டாஸ்க்குக்கே நூற்றுக்கணக்கான எம்பி இறக்கும், சிஎம்எஸ் ஓடும்போதே உள்ளிருந்து நெட் கேட்டுக்கொண்டே இருக்கும். மழை நாளில் சிக்னல் போனால் பாதியில் சாகும். 2 ஜிபி மதியத்துக்குள் காலி.

எல்ஹெச்சி தளத்தில் ப்ராஜெக்ட் ப்ரிஃபரன்ஸ் போய் சிக்ஸ்ட்ராக், எக்ஸ்ட்ராக் மட்டும் டிக் பண்ணுங்க. இரண்டும் முடுக்கியில் ப்ரோட்டான் கற்றையின் பாதையைக் கணக்கிடுபவை, விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டாம், ரேமும் டேட்டாவும் சொற்பம். கீழே 'தேர்ந்தெடுத்ததில் வேலை இல்லையென்றால் மற்றதை ஏற்கவா' என்று ஒரு பெட்டி இருக்கும். அது டிக் ஆகியிருந்தால் மேலே செய்ததெல்லாம் வீண். 'டெஸ்ட் அப்ளிகேஷன்ஸ்' பெட்டியை டிக் பண்ணினால் சில சமயம் கூடுதலாகக் கிடைக்கும், பிழையும் கூடவே வரும்.

ரேம் வரி: கம்ப்யூட்டர் உபயோகத்தில் இருக்கும்போது பாயிங்க் இயல்பாக 50 சதவீதம்தான் எடுக்கும், 8-ல் 4 ஜிபி. யாரும் உட்காராத மெஷின் என்றால் 80 ஆக்குங்க. ரொசெட்டாவை ஒரே நேரத்தில் 2-க்கு மேல் ஓடாமல் ஆப்_கான்ஃபிக் என்ற செட்டிங் ஃபைலில் கட்டுப்படுத்துங்க. நெட்வொர்க் டேப்பில் 1 நாளுக்கு 1500 எம்பி என்று வரம்பும் போட்டுவிடுங்க.

இரண்டு மெஷினிலும் 'லீவ் நான்-ஜிபியூ டாஸ்க்ஸ் இன் மெமரி' டிக் இருக்கட்டும். ரொசெட்டா வந்ததும் ஐன்ஸ்டைன் ஒதுங்கும்போது கடைசி செக்பாயிண்ட்டுக்கு (டிஸ்கில் சேமித்த கட்டத்துக்கு) பின் செய்த வேலை வீணாகாது.

மாம்பழ_சீசன்:

கரண்ட் பில்லையும் பாருங்க. 100 வாட் இடைவிடாமல் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 144 யூனிட். வீடு ஏற்கெனவே 400-ஐத் தொட்டிருந்தால் 500-ஐத் தாண்டி மேல் ஸ்லாப் விழும். ஏப்ரல், மே மாசம் சேலத்தில் 6-க்கு 4 கோர் போதும். குளிர்ச்சியில் ஓடும் ஏற்காடு மெஷினை முழுசாக விடலாம்.

பராமரிப்பு ஷட்டவுன் அறிவிப்பு முந்தின நாளே வந்துவிடும். அன்று காலையில் பாயிங்க்கை சஸ்பெண்ட் பண்ணி முறையாக ஷட்டவுன் செய்யுங்க. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து மெஷின் படாரென்று அணைவதுதான் ஓடுகிற டாஸ்க்கைப் பிழையில் தள்ளும். யுபிஎஸ்ஸை நம்பி 4 கோரையும் ஓட விடாதீங்க.