பீரோவில் 220 புத்தகம், எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாலாம் வகுப்பு: பள்ளி நூலகத்தை எதில் தொடங்குவது?

கேள்வி (ஈராசிரியர் பள்ளி)

ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 43 பிள்ளைகள். நூலக அறை இல்லை. தலைமையாசிரியர் அறை பீரோவில் 220 புத்தகம்போல இருக்கிறது: வகுப்பறை நூலகத்துக்கென முன்பு வந்த புத்தகப் பூங்கொத்து நூல்கள், பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள், ஊஞ்சல் என்ற சிறார் இதழ்கள், நன்கொடையாக வந்த தலைவர் வரலாறுகள், பொது அறிவு, அகராதி. வாரம் ஒரு பாடவேளை நூலகத்துக்கு. கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் படம் பார்த்துவிட்டு வேறு கேட்கிறார்கள். நாலு, அஞ்சாம் வகுப்பிலும் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால், தொலைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்கிறார் தலைமையாசிரியர். எதில் ஆரம்பிக்கலாம்?

பதில் 1 (தொடக்கநிலை வாசிப்புப் பயிற்றுநர்)

முதலில் பீரோவைக் காலி செய்து தரையில் பரப்புங்கள். 220-இல் பிள்ளைகள் தாமாகப் படிக்கக்கூடியது நூறு தேறினால் அதிகம். தலைவர் வரலாறும் பொது அறிவும் மேல் தட்டுக்குப் போகட்டும். அவை முன்வரிசையில் இருக்கும்வரை நல்ல கதைப் புத்தகம் யார் கண்ணிலும் படாது.

மிச்சத்தை நிலைவாரியாகப் பிரிக்க வேண்டும். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று ஏற்கெனவே நான்கு நிலைகளில் வருபவை. மற்ற புத்தகங்களை அவற்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும். பக்க எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். தமிழில் பிள்ளையை மடக்குவது சொல்லின் நீளம். 'பறந்துபோய்விட்டது' என்பது ஒரே சொல், ஆனால் பத்து எழுத்து. கூட்டிப் படிக்கிறவன் கடைசி 'து'வுக்கு வருவதற்குள் முதல் 'ப' மறந்துபோகும். ஆகவே முதல் நிலைக்கு என் அளவு இது: பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரும்பாலும் நாலைந்து எழுத்துக்குள் அடங்கும் சொற்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம், பெரிய எழுத்து. நிலைக்கு ஒரு நிறமாக ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மெல்லிய புத்தகத்துக்கு முதுகு கிடையாது என்பதால் முன் அட்டையின் இடது கீழ் மூலையில்.

பிள்ளைகளின் நிலை தெரிய, அசர் (ASER) என்ற கல்வி ஆய்வில் பயன்படுத்தும் வாசிப்புத் தாள் போதும். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி. ஒருவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, தனியாகக் கூப்பிட்டு வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் பாடத்துக்கு உரியவை. அவற்றை அப்படியே புத்தகத்துக்கு மாற்றினால் பொருந்தாது. நிறத்தைப் பிள்ளைமேல் ஒட்டிவிடவும் கூடாது. 'நீ பச்சை' என்பது பட்டப்பெயராகிவிடும். தன் நிலையிலும் அதற்குக் கீழும் எடுக்கலாம், படப் புத்தகம் யாரும் எடுக்கலாம் என்று வையுங்கள்.

முதல் நிலைப் புத்தகம் கட்டாயம் பற்றாது. சிறார் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் படைத்தவர் பெயரோடு அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லை. பல கதைகள் மொழிபெயர்ப்பு. அச்சிடுமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால் அதை விட்டுவிடுங்கள். பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 16 பக்கக் கதைக்கு இருபுறமும் அச்சிட்ட ஏ4 தாள் நான்கு, நடுவில் மடித்து மடிப்பில் தையல்.

பதில் 2 (நூலகர்)

மேலே சொன்னது சரி. ஆனால் பீரோவைத் திறக்க விடாதது அந்த ஸ்டாக் ரெஜிஸ்டர் பயம். அதைத் தீர்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215 பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் முறை நூல் வழங்கப்பட்டால் நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை ஐந்து வரை தொலைவது இயல்பு என்று அதில் இருக்கிறது; ரூ. 1,000-க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரணைக்குரியவை. மாநிலப் பள்ளியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தொலைவது குற்றமல்ல, எதிர்பார்க்க வேண்டிய செலவு என்று பேச அது ஒரு பிடி. கையில் இருக்க வேண்டியது, பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம்: வீட்டுக்குப் புத்தகம் வழங்கப்படும், கிழிந்ததும் தொலைந்ததும் ஆண்டுக்கொருமுறை பட்டியலிட்டுக் குழுவின் முன் வைக்கப்படும் என்று இரண்டு வரி. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

வழங்கல் நோட்டைத் தேதிவாரியாகப் போடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். புத்தக எண், கொடுத்த தேதி, திரும்பிய தேதி, இந்த மூன்று கட்டம் போதும். யார் இரண்டு மாதமாக ஒன்றுமே எடுக்கவில்லை என்பது பக்கத்தைப் புரட்டினாலே தெரியும். தேதிவாரி நோட்டில் அது ஒருநாளும் தெரியாது. எழுதும் வேலையை அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் விட்டு வாரம் மாற்றுங்கள். முதல் பருவத்தில் திங்கள் கொடுத்து வெள்ளி வாங்குங்கள். சனி, ஞாயிறு மாமா வீட்டுக்குப் போன புத்தகம் திரும்பி வருவதில்லை. அபராதம் வேண்டவே வேண்டாம். ஐந்து ரூபாய் கேட்டால் அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அவன் தெருவே புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடும்.

கிழிந்ததற்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் மஞ்சளாகிப் பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத் தாளை நறுக்கி, தண்ணீர் கலந்து நீர்த்த வெள்ளைப் பசையால் ஒட்டி, இடையில் பாலித்தீன் தாள் வைத்துக் கனம் ஏற்றிக் காயவிடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைத்தால் பின்னைவிட நாள்பட நிற்கும். காக்கி அட்டை போடாதீர்கள். பிள்ளை புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதே அட்டைப் படத்தைப் பார்த்துத்தான்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தீர்மானம் யோசனையைத் தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார். வாரம் ஒருமுறை வரும் அந்த 40 நிமிட நூலகப் பாடவேளையில் என்ன செய்வது? படித்த கதையின் கருத்தை எழுதச் சொல்வது வழக்கம்.

பதில் 3 (ஒன்றிய கருத்தாளர்)

கருத்து எழுதுவதை முதலில் நிறுத்துங்க டீச்சர். எழுத வேண்டும் என்றால் சின்னப் புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள், கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதுவார்கள்.

முதல் 15 நிமிடம் நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக, புத்தகம் அவர்கள் கண் மட்டத்தில். அட்டையைக் காட்டி ஒரே ஒரு கேள்வி, பிறகு நேராகக் கதைக்குள். பக்கத்துக்குப் பக்கம் 'இது என்ன, இது என்ன நிறம்' என்று கேட்டால் கதை செத்துப்போகும். 'வந்தது' என்று அச்சில் இருந்தால் 'வந்துச்சு' என்று மாற்றாமல் அப்படியே வாசியுங்கள். எழுத்து நடை காதில் விழாத பிள்ளைக்கு, கூட்டிப் படித்த பிறகும் அது பழகிய சொல்லாகத் தோன்றாது. புரியாத இடத்தில் பேச்சில் சொல்லிவிட்டுத் திரும்ப அச்சுக்கு வாருங்கள். அதே புத்தகத்தை இன்னும் இரண்டு நாள் வாசிக்க வேண்டும், நூலகப் பாடவேளை இல்லாத நாளிலும் பத்து நிமிடம் ஒதுக்கி. மூன்றாம் நாள் வரிக்கு அடியில் குச்சியை நகர்த்தினால், திரும்ப வரும் வாக்கியத்தை அவர்களே சேர்ந்து சொல்வார்கள். பிறகு அந்தப் புத்தகத்தை வெளியே வையுங்கள். சண்டை போட்டு எடுப்பார்கள்.

மீதி 25 நிமிடம் ஜோடி வாசிப்பு. கூட்டிப் படிக்கும் நாலு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளையை ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு சேருங்கள். 'தம்பிக்குப் படிச்சுக் காட்டு' என்றால் பெரியவனுக்கு எளிய புத்தகத்தைக் கையில் எடுக்க வெட்கம் இருக்காது. அவனுக்கு வேண்டியதும் அந்தப் புத்தகம்தான். கொடுக்குமுன் ஒருமுறை தனியே படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் சின்னவன் முன் திணறி அடுத்த வாரம் வரமாட்டான்.

பீரோ ஓரத்தில் கிடக்கட்டும். சுவரில் மூன்றடி உயரத்தில் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் 25 புத்தகம் முன் அட்டை தெரியத் தொங்கவிட்டு, இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்றுங்கள். 24 பக்கத்துக்கு மேல் உள்ளதைத் தொங்கவிட்டால் கனத்தில் மேல் விளிம்பு கிழியும். அவற்றுக்கு ஒரு பெஞ்சு போதும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம், வெயிலில் அட்டை வெளுத்துவிடும்.

பதில் 2 (நூலகர்)

ஒன்று விட்டுப்போயிற்று. பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். கரையான் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் ஏறும். வீட்டுக்குக் கொடுப்பது மஞ்சப்பையில் போகட்டும், ஐப்பசி மழைக்கு மட்டும் உள்ளே ஒரு பாலித்தீன் உறை. கோடை விடுமுறைக்கு எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிய பீரோவில் தாளை அரிக்கும் வெள்ளிப்பூச்சிக்குத்தான் வாசிப்பு நடக்கும். பிள்ளைக்கு இரண்டு புத்தகம் எழுதிக் கொடுத்து, பள்ளி திறக்கும் நாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.