போக்சோ பயிற்சியை ஆன்லைனில் முடித்துவிடலாமா?

மாலைவகுப்பு: கிராமங்களில் மாலை நேர வகுப்பு நடத்தும் சின்ன அமைப்பு எங்களுடையது. புதுத் தன்னார்வலர்களுக்குப் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) பயிற்சியை மூடில் என்ற இலவச ஆன்லைன் வகுப்புத் தளத்தில் ஏற்றிவிட நினைக்கிறோம். 2 மணி நேர வீடியோ, 10 கேள்வி, கடைசியில் சான்றிதழ். ஹால் பிடித்து நடத்தக் காசில்லை. சரிவருமா?

கரிசல்: வராது. வீடியோவை ஓடவிட்டுச் சோறு வடிப்பார்கள். விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாத பொறுப்பாளருக்கு 1 வருடம் வரை. இதை டிக் அடித்துப் பாஸ் செய்துவிடலாம். ஆனால் ஒரு பிள்ளை வந்து, "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால் வாயடைத்து நிற்பார்கள். நேரில் நடிக்க வைத்துப் பழக்குங்கள்.

நிரல்: நேரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஒருவர் மைக்கைப் பிடித்து ஸ்லைடை வாசிப்பார், மதியம் பிரியாணி, அப்புறம் குரூப் போட்டோ. ஜூனில் சேர்ந்தவருக்கு அடுத்த முகாம் டிசம்பரில் என்றால், அதுவரை பயிற்சியே இல்லாமல் பிள்ளைகளோடு இருக்கிறாரே, அதற்கு என்ன பதில்? வீடியோவைத் தூக்கிப் போடுங்கள். கரிசல் சொன்ன அதே வரியைத் திரையில் காட்டி மூன்று பதில் கொடுங்கள்:

"சத்தியமா சொல்ல மாட்டேன்."
"யாரு? என்ன பண்ணான்? எல்லாத்தையும் சொல்லு."
"என்கிட்ட சொன்னது நல்லது. உன்னைப் பாதுகாக்க ஒரு சிலர்கிட்ட நான் சொல்லணும்."

எதைத் தொடுகிறாரோ அதற்கேற்ப கதை நகரட்டும். முதலாவதைத் தொட்டவர் வாக்கை மீற வேண்டிவரும், இரண்டாவதைத் தொட்டவர் போலீஸ் செய்ய வேண்டிய விசாரணையைத் தானே நடத்திவிடுவார். மூடிலில் எச்5பி என்ற கருவியை வைத்து இதைச் செய்யலாம், செலவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். திரும்பப் படிப்பதைவிடத் தன்னையே சோதித்துக்கொள்வது மனதில் நிற்கும் என்று ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006லேயே காட்டிவிட்டார்கள்.

கரிசல்: யோசனை நல்லதுதான் சகோ. ஆனால் சிறுவயதில் இதையே அனுபவித்த ஒரு தன்னார்வலர் ராத்திரி தனியாகப் போனில் இதைப் பார்க்கிறார் என்று வையுங்கள். நேரில் என்றால் வெளியே கூட்டிப்போய்ப் பேச ஒருவர் இருப்பார்.

நிரல்: ஹாலில் 60 பேர் நடுவில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். போனை அணைத்துவிடலாம்.

கரிசல்: அணைத்த பிறகு யாரைக் கூப்பிடுவார்?

மாலைவகுப்பு: பயிற்சி முடித்த ஒவ்வொருவரையும் நாங்களே போனில் கூப்பிட்டு 15 நிமிடம் பேசினால்?

நிரல்: நியாயம். தனித்தனியாகவே பேசுங்கள், குரூப்பில் வேண்டாம்.

கரிசல்: பேசப்போகிறவர் பெயர், நம்பர், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098, மூன்றும் முதல் திரையிலேயே இருக்கட்டும். அப்படிப் பேச ஆள் இல்லையென்றால் இந்த வருடம் புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள்.