தவணை முடிந்த பின்னும் வீட்டில் இருப்பவருக்கு என்ன சொல்?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கையின் வாடகை வீட்டுச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் கையேட்டுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘ஓவர்ஹோல்டிங்’ (குத்தகைத் தவணை முடிந்தும் வீட்டை விடாமல் இருத்தல்) என்பதற்கு நேரே அத்துமீறி இருத்தல், மிகையிருப்பு, காலங்கடந்த ஆட்சி என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஒரு சொல்லைப் பிழையாக வைத்தால், சட்டத்தரணியின் கடிதம் கைக்குக் கிடைத்த ஒருவர் தம்முடைய நிலையையே மாறி விளங்கிக்கொள்ளக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் ஒருவர் ஒரு வீட்டை நொத்தாரிசு முன்னிலையில் உறுதி (சட்டப் பத்திரம்) எழுதி இரண்டு ஆண்டுத் தவணைக்குக் குத்தகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை முடிகிறது, அவர் வீட்டை விட்டு எழும்பவில்லை. உரிமையாளர் மறுப்பேதும் சொல்லாமல் அடுத்த மாத வாடகையை வாங்கிப் பற்றுச்சீட்டும் கொடுத்துவந்தால், இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி இரு தரப்பும் வாய்திறந்து பேசாமலேயே குத்தகையைத் தொடர்ந்ததாகக் கொள்ள இடமுண்டு. அத்தகைய தொடர்ச்சி வீடுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் மாத வாடகையாகவே கருதப்படும், அதை முடிப்பதற்கு ஒரு மாத அறிவித்தல் வேண்டும். மாறாக, தவணை முடிந்த அன்றே உரிமையாளர் வீட்டைக் கேட்டு, வாடகையை வாங்க மறுத்திருந்தால், அங்கே தொடர்ந்து இருப்பவர் ஒவ்வொரு மாதத்துக்கும் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். மாவட்ட நீதிமன்றத்தில் அவரை வெளியேற்றக் கோரி வழக்கும் இடலாம். உறுதி எழுதிய குத்தகைகளில் தவணை முடிந்தும் எழும்பாதவர்களிடமிருந்து இடத்தை விரைவாக மீட்பதற்கென்றே 2023 இல் தனிச்சட்டம் ஒன்றும் வந்துவிட்டது.

மூன்றாவது நிலையும் ஒன்று உண்டு. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்துகிற பழைய வீடுகளில், ஒப்பந்தம் முடிந்தாலும், அறிவித்தல் கொடுக்கப்பட்டாலும், அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இல்லாமல் குடியிருப்பவரை எழுப்ப முடியாது. அவரை வீட்டில் வைத்திருப்பது சட்டமே.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூவரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். வேறுபாடு பல வேளைகளில் ஒரு துண்டுப் பற்றுச்சீட்டில்தான் கிடக்கிறது. ‘வைகாசி மாத வாடகை’ என்று எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு ஒரு கதையைச் சொல்லும். ‘எனது உரிமைகளுக்குப் பங்கமின்றி, நட்டஈடாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய சீட்டு வேறொரு கதையைச் சொல்லும். தொகை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘அத்துமீறி’ என்ற சொல்லைத் திருகோணமலையில் இருந்துகொண்டு என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. இந்த மாவட்டத்தில் அது அரச காணியில் உத்தரவுப்பத்திரம் இன்றிக் குடியேறியவரைக் குறிக்கும் சொல்லாக ஊன்றிவிட்டது. அதைச் சுற்றிப் பல்லாண்டு காலக் கசப்பு இருக்கிறது. உறுதி எழுதி, முற்பணம் கொடுத்து, முன்வாசலால் உள்ளே வந்த ஒருவரை, தவணை முடிந்த மறுநாள் அந்தப் பெயரால் அழைப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, நியாயமும் அல்ல. ‘மிகையிருப்பு’ கணக்கேட்டுச் சொல். அதை நீட்ட வேண்டியதில்லை. ‘காலங்கடந்த ஆட்சி’ இன்னும் ஆபத்தானது. எமது வழக்கில் ஆட்சி என்றதும் பத்து வருஷம் ஆண்டு அனுபவித்தால் காணி தனதாகும் என்ற நினைவுதான் முதலில் வரும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் கேட்பது உரிமையாளருக்கு எதிரான, சுதந்திரமான அனுபவிப்பு. வாடகைக்காரராக உள்ளே வந்தவர் வெறுமனே எழும்பாமல் இருப்பதால் அது கிடைத்துவிடாது. கிடைக்கும் என்று நம்பிச் செலவழித்த குடும்பங்கள் உண்டு. நமது சொல் அந்த நம்பிக்கைக்குத் தீனி போடக்கூடாது.

சென்னை நண்பர் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வழங்கும் ஒரு சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தார். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவின் 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 116 ஆம் பிரிவு ‘ஹோல்டிங் ஓவர்’ என்று சொல்வது, உரிமையாளர் வாடகையை ஏற்றோ வேறு வகையில் இசைந்தோ குத்தகை புதுப்பிக்கப்பட்ட நிலையை. இலங்கையில் ‘ஓவர்ஹோல்டிங்’ என்பது அந்த இசைவு இல்லாத நிலை. ஆங்கிலத்தில் முன்பின்னாக நிற்கும் அதே இரு சொற்கள் கடலுக்கு அக்கரையில் ஒன்றையும் இக்கரையில் அதற்கு எதிரானதையும் குறிக்கின்றன. ஆகவே இரண்டு நிலைகளுக்கும் தனித்தனிச் சொல் வைத்தே ஆகவேண்டும்.

எனது முன்மொழிவு இது. உரிமையாளரின் இசைவோடு நீளும் நிலைக்கு ‘தொடரிருப்பு’. இசைவு இல்லாமல் நீள்வதற்கு ‘தவணைகடந்த இருப்பு’. வாடகைச் சட்டத்தின் நிழலில் இருப்பவருக்கு ‘சட்டக்காப்புக் குடியிருப்பாளர்’. தவணை என்றால் வழக்குத் தவணை என்றும் பொருள்படுமே என்ற கேள்வி எழும். உறுதிகளில் ‘குத்தகைத் தவணை’ என்ற தொடர் நெடுநாளாக வழங்குவதால், முதன்முறை அந்த முழுத் தொடரையும் எழுதிவிட்டால் குழப்பம் வராது. ‘கடந்த’ என்பது நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘மீறிய’ என்று எழுதினால் வழக்கு முடியும் முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

கையேட்டில் கட்டாயம் சேர்க்கவேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் அதற்கு வலுவில்லை. நகரத்தில் எத்தனையோ வீடுகள் ‘ஒரு வருஷ ஒப்பந்தம்’ என்று வெறும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டே கைமாறுகின்றன. அவ்வாறு குடியேறி மாதாமாதம் வாடகை கொடுத்து வருபவரைச் சட்டம் பெரும்பாலும் மாத வாடகைக்காரராகவே பார்க்கும். அவரிடம் கடப்பதற்கு ஓராண்டுத் தவணை என்று ஒன்று சட்டப்படி இல்லை. எனவே ‘தவணைகடந்த இருப்பு’ என்ற சொல்லை அவருக்குப் பயன்படுத்தக்கூடாது.

இந்த மூன்று சொற்களுக்கும் மறுப்பிருந்தால், எந்த நிலையை மனதில் வைத்து மறுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தவணைகடந்த காலத்துக்கான கொடுப்பனவை ‘வாடகை’ என்று எங்கும் எழுதாமல் ‘இருப்பு நட்டஈடு’ என்று எழுதலாமா என்பதையும் இதனோடு முடிவுசெய்துவிட்டால், பற்றுச்சீட்டு மாதிரிகள் இரண்டையும் நான் எழுதித் தருகிறேன்.