பழைய ஹாரிஸ் ட்வீட் கோட்டின் கை நீளத்தைக் குறைக்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். எடின்பரோவில் படிக்கிறேன். நல்ல கோட் போட ஆசை, ஆனால் கையிருப்புக்கு நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் இங்குள்ள சாரிட்டி கடைகள்தான் கட்டுப்படியாகும்.

இந்த வாரம் 25 பவுண்டுக்கு ஒரு ஹாரிஸ் ட்வீட் (தடித்த கம்பளித் துணி) கோட் கிடைத்தது. உள்ளே உருண்டையும் சிலுவையும் பொறித்த முத்திரைச் சீட்டு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே நெய்த கம்பளிக்கு மட்டுமே அந்தப் பெயர் என்று 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். புதிதாக வாங்க எனக்கு வழியே இல்லை.

தோள் கச்சிதமாக உட்காருகிறது. பழைய கோட்டில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்; தோளைப் பிரித்துத் தைக்கும் கூலி கோட்டின் விலையையே தாண்டிவிடும். சிக்கல் கை நீளத்தில்: ஒன்றரை அங்குலம் அதிகம். மணிக்கட்டுப் பொத்தான்களுக்கு நிஜக் காஜா வெட்டியிருப்பதால் முனையில் மடித்துத் தைத்தால் அழகு கெட்டுவிடும். தோள் பக்கமிருந்து ஏற்றித் தைக்கலாமா? கட்டம் போட்ட துணி, கோடுகள் பொருந்துமா?

முழங்கைப் பக்கம் சின்னதாக ஒரு பூச்சி ஓட்டையும் இருக்கிறது. நூலிழை ஓட்டி அடைப்பதா, தோல் ஒட்டுப் போடுவதா? அனுபவமுள்ளவர்கள், குறிப்பாகத் தையல் தெரிந்த அண்ணன்மார், அக்காமார், நியாயமான கூலி எவ்வளவு என்றும் சொன்னால் பெரிய உதவி.